மிச்சப் பக்கங்கள்

நாட்டின் கஜானாவில் வெளிக்கடனைக் கட்டப் பணமில்லை என்று வானொலியில் சொன்ன அன்றைக்கு மத்தியானமே நோட்டுக்காரர் காகித அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த அறைக்குக் கதவு என்று ஒன்று இருப்பதே அதுவரை எங்கள் தெருவில் பல பேருக்குத் தெரியாது. உள்ளே இருந்ததெல்லாம் பள்ளிக்கூட நோட்டு அடிக்கிற வெள்ளைக் காகிதம்தான். ஆலையின் பழுப்பு உறை பிரிக்காமல் நாற்பது பண்டல். வருஷா வருஷம் பள்ளி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது வந்து இறங்கும். திறக்கிற வாரம் அறை காலியாகக் கிடக்கும்.

அவர் வீடு தெருவின் மேட்டுப் பக்கம். மேலே குடித்தனம், கீழே பட்டறை. வாசலை ஒட்டிக் கோடு போடுகிற மெஷின். அதைத் தாண்டினால் தாள்களை எண்ணி மடிக்கிற நீள மேசை. மேசையில் அக்கா தங்கை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மடிப்பார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை தன் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். ஜன்னல் பக்கம் தையல்காரம்மா. அவள் உட்காரும் மணையில் அவள் இல்லாதபோதுகூட யாரும் உட்கார மாட்டார்கள். கடைசியில் வெட்டுகிற மெஷின். அதன் கத்தி ஒரு ஆள் கை நீளம் இருக்கும். நோட்டுக்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அது இறங்குகிற சத்தத்தை வைத்துத்தான் எதிர் வரிசையில் இருந்த நாங்கள் மணி பார்ப்போம். அந்தச் சத்தம் ஒன்பது நாளாக இல்லை.

காகிதம் கடல் தாண்டி வரவேண்டிய சரக்கு. கப்பல்காரன் வெளிநாட்டுப் பணம் கேட்டான். நாட்டில் அது இல்லை. இருக்கிற காகிதத்தின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பள்ளி திறக்க ஆறு வாரம்தான் பாக்கி. "ஏறட்டும், இன்னும் ஏறட்டும், அவசரப்பட்டு வெட்டிட்டா வெட்டினதுதான்," என்று சொல்லிக்கொண்டு அவர் டீக்கடைக்கும் வானொலிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

டீக்கடையில் தகரக் கூரைக்குக் கீழே தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் அந்த நாட்களில் நாட்டின் நிதி நிலைமையைத்தான் அலசினார்கள். அதற்குப் படித்த ஆளாக நோட்டுக்காரரின் மைத்துனன் ஒருவன் இருந்தான். அவர் மனைவியின் தம்பி, வங்கியில் குமாஸ்தா. எல்லோருக்கும் வங்கிக்காரன்.

"நாட்டுக் கடனைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சா, நேத்துப் பொறந்த குழந்தை தலையிலகூட ஒரு பங்கு இருக்கு," என்றான் அவன்.

செருப்புக்கடைக்காரர் டீயை ஊதுவதை நிறுத்தினார். "என் மாமியார் தலையிலயும் இருக்கா?"

"எல்லார் தலையிலயும்தான்."

"அப்ப மொதல்ல அவங்ககிட்ட வசூலுக்கு வரச்சொல்லு. அந்த வீட்டு வாசப்படி ஏறினவன் முழுசாத் திரும்பிப் போறானான்னு நானும் பார்க்கிறேன்."

கூரை அதிரச் சிரித்தார்கள். நோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க," என்றார் டீக்கடைக்காரர். "நான் கிளாஸைச் சின்னதாக்கிட்டேன். ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. அவங்கவங்க வீட்டுலயும் கரண்டி சின்னதாயிருக்கும் போல."

எதிர்ச் சாரியில் அச்சகம் வைத்திருந்தவர் சொன்னார்: "என் கடையில மெஷின் ஓடுற சத்தத்தைவிட ஈ ஓடுற சத்தம்தான் ஜாஸ்தி. கல்யாணம் பண்றவன்கூட பத்திரிகை அடிக்கலை. போன்ல சொல்லிக்கிறேங்கிறான்."

"பொருள் வெச்சிருக்கறவன் பொழைச்சுக்குவான்," என்றான் வங்கிக்காரன். "அத்தான் மாதிரி."

அத்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி இருந்தது.

அவர் பயத்தைக் குறை சொல்வதற்கில்லை. பட்டறை போடுவதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய நோட்டு ஆலையில் பதினோரு வருஷம் கூலி. இதைப் போலவே ஒரு கெட்ட காலத்தில் ஒருநாள் காலை வேலைக்குப் போனார். கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு மத்தியானம்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, அப்படியே திரும்பி வந்தாராம். தூக்கைத் திறக்கவே இல்லை என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள்.

பத்தாவது நாள் மத்தியானம் அந்தம்மா சோறு போட்டு, அவித்த முட்டையை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"பத்து நாளா மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு உக்காந்திருக்கோம். இன்னும் துடைச்சா தேஞ்சு போயிடும். எப்ப வேலையை ஆரம்பிக்கிறது?"

அவர் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"கிடங்குக்காரர் லாரி அனுப்பறார். நாப்பது பண்டலையும் உறை பிரிக்காம அப்படியே எடுத்துக்கறார். நாம வாங்கினதுக்கு மூணு மடங்கு. வாக்குக் குடுத்துட்டேன்."

அவள் சோற்றுச் சட்டியை மூடி வைத்தாள். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"கேட்டா நீ வேண்டாம்பே."

"வேண்டாம்பேன்னு தெரியுதுல்ல?"

"நீ ரேடியோ கேக்கறதில்ல. அதான் தைரியமாப் பேசறே. ரெண்டு பேரும் மாடா உழைச்சாலும் இந்தக் காசை மூணு வருஷத்துல பார்க்க முடியாது. கையில வெச்சுக்குவோம். நிலைமை தேறினதும் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்."

"எந்தக் காயிதத்தை வெச்சு?"

"அப்ப வாங்கிக்கலாம்."

"எந்தக் காசுல? கிடங்குக்காரர் குடுக்கப்போறதும் காயிதம்தானே? தினம் மதிப்பு எறங்கற காயிதம். நம்மகிட்ட இருக்கறது எழுதவாவது ஆகும். நல்ல காயிதத்தைக் குடுத்துட்டுக் கெட்டுப்போற காயிதத்தை யாராவது வாங்குவாங்களா?"

"வாய் இருக்குன்னு பேசாதே."

"சரி, பேசலை." அவள் எழுந்து தட்டை எடுத்தாள். "வாக்கு உங்களுது. சாவியும் உங்ககிட்ட. நான் குறுக்க நிக்கலை. ஆனா லாரி வர்ற வரைக்கும் கீழ இருக்கற பட்டறை என் பொறுப்பு. மூணு பொம்பளைங்க வேலை இல்லாம உக்காந்து கூலி வாங்கக் கூசறாங்க. அவங்களுக்கு நான் வேலை தேடிக்கறேன். நீங்க அதுல தலையிடாதீங்க."

"காயிதம் இல்லாம என்ன வேலை தேடுவே?"

"தெரியலை," என்றாள் அவள். அது உண்மைதான்.

வேலை தானாகவே வந்தது. மறுநாள் காலை, பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிற பெண் ஒருத்தி வேலை முடிந்த ஈரப் புடவையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அதை மேசையில் கவிழ்த்தாள். போன வருஷத்து நோட்டுகள், ஏழெட்டு.

"கடைத்தெருவுல நோட்டு விலை கேட்டேங்கம்மா. கேட்ட காது இன்னும் வலிக்குது. பாருங்க, என் வீட்டுக் கழுதைங்க ஒரு நோட்டையாவது கடைசி வரைக்கும் எழுதியிருக்கான்னு. முன்னாடி பாதி படிப்பு, பின்னாடி பாதி சும்மா. இந்தச் சும்மாவையெல்லாம் பிரிச்சு ஒண்ணாத் தைச்சுத் தரமுடியுமா? கூலி குடுத்துடறேன்."

நோட்டுக்காரம்மா தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா ஒரு நோட்டை விரித்து முதுகைத் தடவினாள்.

"சொல்றது சுலபம். நடுவுல தைச்ச நோட்டு இது. ஒரே தாள்தான் முன்னாடி ஒரு ஏடு, பின்னாடி ஒரு ஏடு. எழுதினதைக் கிழிச்சா எழுதாததும் கூடவே வந்துடும்."

"முதுகை அறுத்துட்டா?"

"தனித்தனி ஏடாக் கொட்டும். மடிப்பு இருக்காது. நடுத்தையல் நிக்காது."

"ஓரமாப் பக்கவாட்டுல தைங்க."

"தைக்கிற கம்பி தீர்ந்து ரெண்டு வாரம் ஆச்சு."

"நூல்ல தைங்க அக்கா. கோணி ஊசி இருக்கு. முதல்ல துளை போட்டுக்கலாம்."

தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நகருங்கடி, வெளிச்சம் வரட்டும்," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம்.

அக்காவும் தங்கையும் வெள்ளை ஏடுகளைப் பொறுக்கினார்கள். ஒரு விரற்கடை உள்ளே தள்ளி ஐந்து துளை. நூலை மெழுகில் இழுத்து முறுக்கித் தைத்து, முதுகில் பசை தடவித் துணிப்பட்டை ஒட்டினார்கள். அட்டைக்கு எங்கே போவது என்று பார்த்தபோது அச்சகக்காரர் தன் கடையில் கிடந்த விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து போட்டார். பணம் கொடுக்காமல் ஓடிப்போன வாடிக்கைக்காரர்களின் தாள்கள். மத்தியானத்துக்குள் ஏழெட்டு நோட்டு மூன்று நோட்டாகிவிட்டது. ஒன்றின் அட்டையில் லாரி டயர், ஒன்றில் பல்பொடி, ஒன்றில் கண் ஆஸ்பத்திரி. வண்டி கழுவுகிறவள் கண் ஆஸ்பத்திரியைத் தடவிப் பார்த்து, "இது மூத்தவளுக்கு. அவதான் கண்ணு தெரியாத மாதிரி எழுதறா," என்று சொல்லிக் கூலியை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் டிப்போவிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் மழையிலும் வாசலில் குடைகள். பழைய நோட்டுகளைப் பாலிதீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். "என் பையன் நோட்டுல வெள்ளை அதிகம்" என்று சொல்லிக்கொள்வதில்கூட ஒரு பெருமை வந்துவிட்டது அவர்களுக்கு.

நோட்டுக்காரர் மாடியிலேயே இருந்தார். ஆனால் மாடிப்படி பட்டறைக்குள்தானே இறங்குகிறது? வியாழக்கிழமை காலை டீக்கடைக்குக் கிளம்பியவர் மேசையில் அடுக்கியிருந்த நோட்டு ஒன்றைப் புரட்டிவிட்டார். முகம் சுளித்தது.

"இது என்ன? நாலு கோடு, ரெண்டு கோடு, கணக்குக் கட்டம், எல்லாம் ஒரே நோட்டுலயா? குப்பைத்தொட்டி மாதிரி."

"வாங்கறவங்க குறை சொல்லலை," என்றாள் மனைவி.

"ஓரம் பாரு, ஓரம்! ஒரு ஏடு உள்ள போகுது, ஒரு ஏடு வெளிய வருது. எலி கடிச்ச மாதிரி. இதை இந்தப் பட்டறையில தைச்சதுன்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

"உண்மையைத்தானே சொல்லுவாங்க."

அவர் நோட்டைக் கீழே வைத்தார். டீக்கடைப் பக்கம் நாலு எட்டு வைத்தார். திரும்பி வந்தார். "குடு இப்படி. ஓரத்தை மட்டும் வெட்டித் தர்றேன். வேற எதுலயும் எனக்குச் சம்பந்தம் கிடையாது."

அன்றைக்குப் பதின்மூன்றாம் நாள். வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்டு டீக்கடையில் எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். தையல்காரம்மா தலை நிமிராமல் தங்கைக்காரியைக் காலால் இடித்தாள். 

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. தூறலாகத்தான் இருந்தது. கிடங்குக்காரர் குடையை மடக்கி உள்ளே வந்து, கூட்டத்தைப் பார்த்து வியந்து, நோட்டுக்காரம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"மழை வலுக்கறதுக்குள்ள ஏத்திடலாம் தம்பி. நாலு ஆள் கொண்டுவந்திருக்கேன்."

நோட்டுக்காரர் சாவியை எடுத்தார். பூட்டில் போட்டவர் அப்படியே நின்றார். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க நோட்டு அடிக்கறவர் இல்ல. இவ்வளவு காயிதத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. அடுக்கி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கப்போறேன்." கிடங்குக்காரர் டீயை ஒரே மூச்சில் குடித்தார். "தூங்கி ரெண்டு வாரம் ஆச்சு தம்பி. பெட்டியில இருக்கற பணம் பனிக்கட்டி மாதிரி கரையறது கண்ணுக்குத் தெரியுது. சிமெண்ட் வாங்கிட்டேன், டயர் வாங்கிட்டேன், ஒரு அறை நிறைய ஆணி வாங்கிட்டேன். எதையாவது வாங்கிப்போட்டு அந்தப் பணத்தைக் கையை விட்டு ஒழிச்சாத்தான் எனக்கு மூச்சு வருது."

மனசில் பட்டதைச் சொல்லிவிட்டார், பாவம். மடிக்கிற மேசையில் கை நின்றது. நோட்டுக்காரம்மா கணவரைப் பார்க்கவில்லை. பசைக் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

நோட்டுக்காரர் சாவியைப் பூட்டிலிருந்து உருவினார்.

"அண்ணே, நீங்க எதுக்குப் பயந்து ஓடி வர்றீங்களோ, அதையே என் கையில குடுத்துட்டுப் போகப் பார்க்கறீங்களே."

"என்ன தம்பி சொல்றே? விலை பத்தலையா? நாலு மடங்காத் தர்றேன்."

"கூடக் குடுத்தா கூடக் கரையும். காயிதம் இங்கயே இருக்கட்டும்."

கிடங்குக்காரர் முகம் சிவந்தது. "வாக்குக் குடுத்தே!"

"குடுத்தேன். தப்பு என்னுது. லாரி வாடகையும் ஆள் கூலியும் நான் குடுத்துடறேன். வாக்குத் தவறினவன்னு தெருவுல நின்னு சொல்லுங்க. இல்லன்னு நான் மறுக்க மாட்டேன்."

அவர் தெருவில் நின்றே சொன்னார். டீக்கடையில் சொன்னார், டிப்போ வாசலில் சொன்னார், வெகுநாள் சொன்னார். நோட்டுக்காரர் அந்தப் பக்கம் போகும்போது தலை குனிந்துதான் போவார். பேச்சு சுத்தமான ஆள் என்று பெயர் எடுத்திருந்த மனுஷனுக்கு அது சின்ன வலி இல்லை.

லாரி போனபிறகு அவர் கதவைத் திறந்தார். புழுக்க வாசனை அடித்தது. சுவரை ஒட்டியிருந்த இரண்டு பண்டல் ஈரம் குடித்து அப்பளமாக நெளிந்திருந்தது. இரண்டு வாரம் பூட்டி வைத்ததன் கூலி. அவர் அதைக் கையால் நீவிப் பார்த்துவிட்டு நின்றார்.

"மிச்சம் முப்பத்தெட்டு நல்லாத்தானே இருக்கு," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "இதைக் கொடியில போட்டுக் காய வெச்சுக்கலாம். வாங்க, பிரிக்கலாம்."

பழுப்பு உறை கிழிகிற சத்தம் கேட்டதும் தங்கைக்காரி கை தட்டிவிட்டாள். தையல்காரம்மா அதட்டினாள்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றே எங்களுக்குச் சந்தேகம். ரொட்டியும் டீயும்தான். பக்கத்தைப் பாதியாக்கி மெல்லிய நோட்டாக அடித்தார்கள். பட்டறைக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகிற விலையை அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார் அச்சகக்காரர், கடையில் யாரும் ஏற்ற முடியாதபடி. வெட்டின நேரம் போக மீதி நேரத்தில் பழைய நோட்டுத் தையலும் நிற்கவில்லை. வங்கியில் பாதிச் சம்பளம், பாதி நாள் என்று ஆனதும் வங்கிக்காரனும் மத்தியானத்தில் மடிக்க வந்துவிட்டான்.

"மாப்ளே, மடிப்பு கோணலா வருதே," என்பார் நோட்டுக்காரர்.

"நாடே கோணலாப் போகுது அத்தான்."

"நாட்டை நீ நிமித்த முடியாது. தாளை நிமித்து."

செருப்புக்கடைக்காரர் கடையை மூடினார். ஆனால் தெருவை விட்டுப் போகவில்லை. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒரு பெட்டி போட்டுப் பழைய செருப்புத் தைக்க உட்கார்ந்தார். புதுச் செருப்பு விற்ற காலத்தில் இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். கடன் கொடுத்த நாடுகள் எங்கேயோ கூடிப் பேசித் தவணை கொடுத்திருப்பதாக வானொலி சொன்னது. தவணை என்றால் தள்ளிப்போவதுதானே, தீருவதில்லையே என்று டீக்கடையில் வாதம் நடந்தது. கிளாஸ் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை.

பள்ளி திறந்த வாரம் காகித அறை துடைத்துவிட்ட மாதிரி காலியாகியிருந்தது. இந்தத் தடவை அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நோட்டுக்காரர் அறையைக் கூட்டினார். பிறகு அச்சகக்காரரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம்தான் திரும்பினார். கையில் சுருட்டிய ஒரு தாள்.

மேசையில் விரித்தார். சாம்பல் நிறம். உமி மாதிரி அங்கங்கே புள்ளி. முரட்டுத் தாள்.

"என்னங்க இது?"

"ரெண்டு ஊர் தள்ளி அட்டைப் பெட்டி பண்ற ஆலை ஒண்ணு இருக்கு. கழிவுக் காயிதத்தை ஊற வெச்சு அரைச்சுப் பண்றான். எல்லாம் இங்கயே கிடைக்கற சரக்கு, கப்பல் வேண்டாம். 'அட்டையை இன்னும் மெல்லிசா இழு'ன்னேன். முடியாதுன்னான். நான் ஆலையில வேலை பார்த்தவன்டா, எனக்கே கதை சொல்றியான்னு கேட்டுட்டு அங்கயே உக்காந்துட்டேன். மூணாவது தடவை இது வந்தது. மாசத்துக்கு இருபது பண்டல் தர்றேங்கறான். நம்ம வெட்டுத் துண்டை அவனுக்கே அனுப்பிடலாம்."

பேசும்போதே தாளை மெஷினில் கொடுத்துக் கோடு போட்டார். கோடுகள் சாம்பல்மேல் நேராக ஓடின. தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். வங்கிக்காரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் வரியில் தன் பெயரை எழுதினான். எழுத்து ஒவ்வொன்றும் கம்பளிப்பூச்சி மாதிரி உப்பியது.

"மை ஊறுதே அத்தான். இதுல எப்படி எழுதறது?"

நோட்டுக்காரர் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார்.

"பென்சில்ல எழுதட்டும்," என்றார். "நாடு தேறினதும் பேனாவுல எழுதிக்கலாம்."